வாய்க்காலுக்கு வந்த பணத்தில் தரகனுக்கு ஏன் பங்கு?

வன்னிக் கமக்காரர் சங்கங்களிடம் வாய்க்கால் திருத்தப் பணமில்லை. கொழும்பிலுள்ள யப்பானியத் தூதரகமோ அடிமட்டச் சமூகத் திட்டங்களுக்கு மானியம் வழங்கி வருகின்றது. இடையில் நிற்பவை யாவை? ஆங்கில விண்ணப்பம், பதிவுப் பத்திரம், கணக்கறிக்கை, விலை மதிப்பீடு. இவ்வளவே!

இவற்றை எழுதித் தருவதாகக் கூறி, கிடைக்கும் தொகையில் நூற்றுக்கு இத்தனை வீதமெனப் பேரம் பேசும் தரகர்களை நாம் அறிவோம். மானிய விண்ணப்பம் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்கச் சங்கத்தாரே இத்தகைய வீதக் கூலியைத் தம் ஒழுக்கக் கோவையில் விலக்கியுள்ளனர். தரகுக் காசை எந்தக் கணக்கில் எழுதுவது? வாய்க்காலின் சீமெந்தில்தான் அது குறையும்.

தமிழ்க் கணக்காளர்களே, பொறியியலாளர்களே, நீங்கள் எங்கே? தமிழ் 1987இல் அரசகரும மொழியாயிற்று. அச்சட்டம் தூதரகங்களைக் கட்டுப்படுத்தாது. ஆங்கிலத்தில் எழுத ஒருவர் வேண்டியே இருக்கின்றது. பொன்னாடை பெறக் கிராமத்துக்கு வரும் நீங்கள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை கமநல சேவை நிலையத்தில் அமர்ந்து ஒரு சங்கத்துக்கேனும் கூலியின்றி எழுதிக் கொடுத்தல் ஆகாதா?

கமக்காரரும் சும்மா இருத்தல் தகாது. கூட்டக் குறிப்பும் வரவு செலவுப் புத்தகமும் பொருளாளர் வீட்டு அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தால் எந்தக் கணக்காளரும் உதவ முடியாது. வரும் போகக் கூட்டத்திலேயே அவற்றை வெளியே எடுத்துக் கணக்காய்வுக்குக் கொடுக்குமாறு வேண்டுகின்றோம்.