பேரன் ஷாக் கேட்டால் பர்ஸை எடுக்காதீர்கள்

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ரிமோட்டில் ஓடும் பாறை ஏறும் வண்டி ஒன்று இருந்து, "தாத்தா, இதுக்குக் கெட்டியான ஷாக் வாங்கணும்" என்று பேரன் வந்து நின்றால் பணம் கொடுக்காதீர்கள். கடைக்காரர் சொன்னார் என்பான். யூடியூபில் பார்த்தேன் என்பான். கூட ஓட்டுகிற பையன் போட்டிருக்கிறான் என்பான். எதற்கும் அசையாதீர்கள். அந்த வண்டிக்குக் கெட்டியான ஷாக் வேண்டாம். பெரும்பாலும் புது ஷாக்கே வேண்டாம். இருக்கிற ஷாக்கைக் கழற்றி, எண்ணெய் மாற்றி, ஸ்பிரிங்கைச் சரியாக வைத்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை.

வண்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ராக் கிராலர் என்பார்கள். நிஜ ஜீப்பில் பத்தில் ஒரு பங்கு அளவு, எடை இரண்டரை மூன்று கிலோ. ரேஸ் கார் போலப் பாயாது. நாம் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து, ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குக் கால் மாற்றிப் போகும். ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10, டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 என்று பையன்கள் பேசிக்கொள்வது இந்த வகையைத்தான். கோடையில் சிற்றாற்றில் தண்ணீர் வற்றிப் பாறைகள் வெளியே தெரியும்போது என் பேரன் அங்கே கொண்டுபோய் ஓட்டுவான். நானும் கூடப் போவேன். எழுபது தாண்டியவனுக்குப் பொம்மைக் காரா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சீட்டுக்கட்டைவிட இதில் மூளைக்கு வேலை அதிகம்.

கெட்டியாக இருந்தால்தான் உறுதி என்ற எண்ணம் நம்மிடம் எங்கிருந்து வந்தது? லாரியிலிருந்து வந்தது. தென்காசிக்காரர்கள் எல்லோரும் புளியரை வளைவில் சுமையோடு முக்கி ஏறும் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். எனக்குத் தெரிந்த லாரி மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் பேரனின் வண்டியைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், தொளதொளன்னு இருக்கு? பட்டையை ஏத்துனாத்தானே வண்டி நிக்கும்?" என்றார். அவர் தொழிலில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பத்து டன் சரக்கை ஆரியங்காவு தாண்டிக் கொண்டுபோக வேண்டியவன் பட்டையை ஏற்றத்தான் வேண்டும். இந்தச் சின்ன வண்டி என்ன சரக்கு ஏற்றுகிறது? ஒரு பேட்டரி, மேலே ஒரு பிளாஸ்டிக் கூடு. நீளம் பத்தில் ஒரு பங்கானால் எடை பத்தில் ஒரு பங்கு ஆகாது, ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். இரண்டு டன் ஜீப்பைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் இரண்டு கிலோ. லாரிக் கணக்கை அதன் தலையில் ஏற்றுவது, பிறந்த குழந்தைக்கு மூட்டை தூக்குகிறவரின் இடுப்புப் பட்டையைக் கட்டுவது போல.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஷாக் அப்சார்பருக்கு பிரெஞ்சில் அமொர்த்திஸர் என்று பெயர். அந்தச் சொல்லுக்குள் சாவு இருக்கிறது. அமொர்த்தீர் என்றால் ஓர் ஆட்டத்தை, ஓர் அடியை, மெல்லச் சாகவைப்பது. கடனைத் தவணை தவணையாக அடைத்துத் தீர்ப்பதற்கும் அங்கே இதே வினைச்சொல்தான். கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவனுக்கு இந்தப் பொருத்தம் பிடிக்காமல் இருக்குமா? ஸ்பிரிங் என்பது கடன் வாங்குகிறவன். மேடு வந்தால் அடியை வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்வான். அவனைத் தனியே விட்டால் வாங்கியதை ஒரே தாவலில் திருப்பி வீசுவான், வண்டி துள்ளும். குழாய்க்குள் இருக்கும் எண்ணெய்தான் தவணையில் அடைக்கிறவன். பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கியடித்துப் போகும்போது அந்த வேகம் சூடாக மாறித் தீர்ந்துபோகிறது.

ஆக, ஸ்பிரிங்குக்கு ஒரு வேலை, எண்ணெய்க்கு வேறொரு வேலை. வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குவது எண்ணெய். விற்கிறவர்கள் இரண்டையும் "கெட்டி" என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறார்கள். என் சண்டை அந்தச் சொல்லோடுதான். வண்டி துள்ளுகிறது என்று பையன் போய்ச் சொன்னால், பத்து ரூபாய்க்குப் பெறாத எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். தங்க நிறத்தில் மின்னும் அலுமினிய ஷாக் நான்கை எடுத்து வைப்பார்கள்.

பாறையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள். முன் இடது சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறுகிறது. அப்போது முன் வலது சக்கரம் கீழே இறங்கிப் பள்ளத்தைத் தொட வேண்டும். ஷாக் கெட்டியாக இருந்தால் அது இறங்காது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும். வண்டி மூன்று காலில் நிற்கும், அடுத்த அங்குலத்தில் கவிழும். பள்ளத்தைத் தேடிப் போகிற அந்தச் சக்கரத்துக்குத்தான் ஷாக் முதலில் உதவ வேண்டும். மேலிருந்து வரும் அடி இரண்டாம் பட்சம், ஏனென்றால் இந்த வேகத்தில் அடியே பெரிதாக விழாது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. சித்ரோவன் கம்பெனி 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் 2சிவி என்ற காரைக் காட்டியது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டினால் ஒரு முட்டைகூட உடையக் கூடாது என்பது அந்தக் காருக்கு விதித்த நிபந்தனை. அதற்குக் கெட்டியான ஸ்பிரிங்கா போட்டார்கள்? இளகிய ஸ்பிரிங்கும், சக்கரம் வெகுதூரம் ஏறி இறங்கும் அமைப்பும் வைத்தார்கள். வளைவில் கார் சாய்வதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பையும் தாங்கிக்கொண்டு அந்தக் கார் 1990 வரை உற்பத்தியில் இருந்தது. இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய நம் பிரக்யான் 26 கிலோ எடை, ஆறு சக்கரம். அதில் ஸ்பிரிங்கே கிடையாது. கீல் வைத்த கைகள் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி சாய்ந்து ஆறு சக்கரத்தையும் தரையில் வைத்திருக்கும். மெதுவாகப் போகிற வண்டிக்கு எது முக்கியம் என்று இஸ்ரோவுக்குத் தெரிந்திருக்கிறது.

எதிர்த்தரப்பில் நியாயமான ஒரு கேள்வி உண்டு, அதை மறைக்க மாட்டேன். ரொம்ப இளகினால் பக்கச் சரிவில் வண்டி சாயாதா? சாயும். வேகம் கொடுத்தால் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளாதா? முறுக்கும். மோட்டார் சுற்றும் விசை சட்டத்தை ஒரு தோளில் அழுத்துவதால் வருவது அது. இதற்கு மருந்து நான்கு பக்கமும் கெட்டியாக்குவதில் இல்லை. பேட்டரியை முடிந்தவரை கீழேயும் முன்னாலும் வையுங்கள். மேற்கூரைக் கேரியரில் வைத்திருக்கும் பொம்மைத் தண்ணீர்க் கேனையும் ஏணியையும் கழற்றுங்கள். முறுக்கும் பக்கத்து ஸ்பிரிங்கின் வளையத்தை இரண்டு சுற்று இறக்கி அழுத்தம் கூட்டுங்கள். மூன்றுக்கும் செலவு சுழி.

இனி சரிசெய்யும் முறை. வண்டியைச் சமதரையில் வைத்து மேலிருந்து அமுக்கி விடுங்கள். தன் எடையிலேயே ஷாக்கின் கம்பி மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை உள்ளே அமர்ந்து நிற்க வேண்டும். அமராமல் விறைத்து நின்றால் முதலில் வளையத்தைத் தளர்த்துங்கள். அப்போதும் அமராவிட்டால் ஸ்பிரிங்கை மட்டும் இளகியதாக மாற்றுங்கள். முன்பக்கம் எவ்வளவு எடை, பின்பக்கம் எவ்வளவு எடை என்று சமையலறைத் தராசில் தனித்தனியே ஏற்றிப் பார்ப்பது நல்லது. முன்னும் பின்னும் ஒரே ஸ்பிரிங் என்று கடையில் கொடுப்பார்கள். எடை வேறானால் ஸ்பிரிங்கும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து எண்ணெய். ஷாக்குக்கென்று விற்கும் சிலிக்கான் எண்ணெய் மட்டும்தான். தையல் மெஷின் எண்ணெய் ரப்பர் வளையத்தை ஊதவைக்கலாம், வெயிலில் நீர்த்தும் போகும். தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். மார்கழிக் காலையில் தலைக்குத் தேய்க்கும் குப்பி என்ன ஆகிறது என்று அவர் யோசித்துப் பார்க்கட்டும். புட்டியில் டபிள்யூடி என்று போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் 30 இன்னொரு கம்பெனியின் 30 ஆகாது. சென்டிஸ்டோக் என்று போட்டிருப்பதைப் பாருங்கள், அது எல்லாருக்கும் பொதுவான அளவு. ஊற்றியபின் கம்பியை மெல்ல மேலும் கீழும் இழுத்துக் குமிழிகள் போகும்வரை பொறுங்கள். அவசரப்பட்டு மூடினால் உள்ளே காற்று நின்று 'களக் களக்' என்று சத்தம் போடும். இந்தப் பொறுமை பையன்களுக்கு வராது, நமக்கு வரும். அதனால்தான் இதைத் தாத்தாக்களுக்கு எழுதுகிறேன்.

சரிபார்க்கும் முறை எளிது. வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து விடுங்கள். ஒரு தடவை அமுங்கி, எழுந்து, நின்றுவிட்டால் எண்ணெய் சரி. இரண்டாவது முறை துள்ளினால் எண்ணெய் மெலிவு. எழவே சோம்பினால் தடிப்பு. பிறகு பின் சக்கரம் ஒன்றின் கீழே ஒரு செங்கல்லைச் செருகுங்கள். மற்ற மூன்றும் தரையில் இருந்தால் வேலை முடிந்தது.

என் பேரன் விஷயத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை விசுவுக்குப் பெரியவர்கள் கொடுத்த பணத்தையெல்லாம் சேர்த்து ஒரு கடையில் ஷாக் கேட்டான். கடையின் பெயர் வேண்டாம். பழையதற்குக் கண்ணுக்குக் கண் 90 மில்லிமீட்டர். அதைக் கேட்காமலே 100 மில்லிமீட்டர் ஷாக்கை, அதுவும் விறைத்த ஸ்பிரிங்கோடு, "இதுதான் டாப்" என்று தலையில் கட்டிவிட்டார்கள். வண்டி உயர்ந்தது, உயர்ந்ததால் கவிழ்ந்தது. திரும்பப் போனால் "அப்ப சக்கரத்தை அகலமாப் போடணும், தம்பி" என்றார்கள். அகலமான சக்கரத்துக்குப் பெரிய மோட்டார், பெரிய மோட்டாருக்குப் பெரிய பேட்டரி என்று அந்தப் பட்டியல் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். பையனுக்கு அது தெரியவில்லை. "இந்த வண்டியே சரியில்ல தாத்தா" என்று மூலையில் வைத்துவிட்டான். பணம் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன், எதையும் தன் கையால் சரிசெய்ய முடியாது, வாங்கத்தான் முடியும் என்று நம்பத் தொடங்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பழைய ஷாக்கையே எடுத்துக் கழற்றச் சொன்னேன். இப்போது எண்ணெய் மாற்றுவது அவன் வேலை, கண்ணாடி போட்டுக்கொண்டு குறை சொல்வது என் வேலை.

சாரல் தொடங்கிவிட்டால் அருவிப் பக்கம் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். குளிக்க வருகிறவர்களின் காலில் இடறும், பாசியில் எந்த ஷாக்கும் உதவாது. ஈரம் இல்லாத திண்ணையும் நான்கு செங்கல்லும் போதும், மழைக்காலம் முழுவதும் பழகலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தால் ரசீதைத் தேடி எடுங்கள். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.