கல்லாய்ச் சுருண்ட பாம்பு

தீபாவளி நெருங்கும் நாள்களில் நம் சிவகாசிப் பக்கத்துச் சிறுவர்கள் பாம்பு மாத்திரையைக் கொளுத்தி, கரிய சாம்பல் நெளிந்து வளர்வதைக் கண்டு களிப்பர். கல்லாகிவிட்ட பாம்புகளின் கதையை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் 657-ஆம் ஆண்டு துறவு மடம் நிறுவியவர் புனித ஹில்டா. அங்கிருந்த பாம்புகளை அவர் தம் செபத்தால் கல்லாக்கினார் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லும் கதை. தலையற்ற அக்கற்களுக்குத் தலை செதுக்கி விற்ற கெட்டிக்காரரும் இருந்தனர்! உண்மையில் அவை அம்மோனைட்டு என்னும் கடலுயிரியின் ஓடுகள். கணவாய்க்கு உறவான இவ்வுயிரி ஓட்டின் கடைசி அறையில் குடியிருந்தது. காற்று நிறைந்த மற்ற அறைகள் அதனை மிதக்கச் செய்தன. ஜுராசிக் காலத்தில், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து அழிந்த ஒரு பேரினத்துக்கு 'ஹில்டோசெரஸ்' என அப்புனிதையின் பெயரையே அறிஞர் சூட்டினர். அண்டை வீட்டுப் பூசையறையில் நாம் காணும் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமத்தின் சக்கரமும் அம்மோனைட்டின் தடமே.

நம் பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல்லில் இதனைத் தேடிப் பயனில்லை. அது ஓட்டுயிர்கள் தோன்றுமுன்பே உருவாகி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழங்கல். அரியலூர்ப் பக்கமோ, ஜுராசிக்குக்கு அடுத்த கிரெட்டேஷியஸ் காலத்தில் கடலாகக் கிடந்த நிலம். இன்றைய செக் நாட்டில் பிறந்த ஸ்டோலிச்கா என்பவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து, தென்னிந்தியாவின் அம்மோனைட்டுகளை 1860-களில் படங்களுடன் நூலாக்கினார். 1874-இல் லடாக்கின் மலைப்பாதையில் இறந்தபோது அவருக்கு வயது 36தான். அவர் எழுதிய நிலத்தின் சுண்ணாம்புக்கல் இன்று வெட்டப்பட்டுச் சிமெண்டாகிறது. வீடு கட்டச் சிமெண்டு வேண்டும். அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் பொடியாகுமுன் அக்கல்லை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார் யார்?

குறை பிறரிடம் மட்டுமன்று. பல ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குச் சென்ற நாமும், மழை அரித்த ஓடையொன்றில் கிடந்த சுருள்கல்லைக் கைப்பையில் போட்டுவந்தோம். மண்ணடுக்குகளின் வயதை அம்மோனைட்டுகளைக் கொண்டே கணிக்கின்றனர் என்பதும், கிடந்த இடம் தெரியாத கல் ஆய்வுக்குப் பெரும்பாலும் உதவாது என்பதும் அன்று நமக்குத் தெரியாது. அண்மையில் அதைக் கையிலெடுத்த ஒரு மாணவன், "எந்த ஓடையில் எடுத்தீர்கள்?" என்றான். நம்மால் சொல்ல இயலவில்லை. அக்கல் இப்பொழுதும் நம் மேசைமீது, தாள்கள் பறவாதிருக்கப் பாரமாய் இருக்கிறது.