ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஒரு தகவல்

வானொலிப் பேச்சாளர் தென்கச்சி கோ. சுவாமிநாதனைப் பற்றிப் பேச்சு வந்தால் நகைச்சுவைப் பேச்சுத் தொழிலில் இருக்கும் நாம் பெரும்பாலும் ஒன்றையே சொல்கிறோம்: "கடைசியில ஒரு ஜோக் வைப்பார் பாருங்க, அடேயப்பா!" பட்டிமன்ற மேடைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கடைசி ஜோக்கை மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு முன்னால் நான்கு நிமிடம் அந்த மனிதர் என்ன செய்தார் என்பதை உட்கார்ந்து கேட்பதில்லை. இந்த மாத ஆசிரியர் உரை அந்த நான்கு நிமிடத்தைப் பற்றியது.

அரியலூர் மாவட்டத்துத் தென்கச்சிப்பெருமாள் நத்தம் அவர் ஊர். படித்தது வேளாண்மை. வேளாண்மை அலுவலராக வேலை பார்த்துவிட்டு, 1977ல் திருநெல்வேலி வானொலி நிலையத்துக்கு வந்தார். 1984ல் சென்னைக்கு மாறினார். உழவர்களுக்கான நிகழ்ச்சிகள்தாம் அவருடைய நாற்றங்கால். சென்னை நிலையத்திலிருந்து காலை நேரத்தில் அவர் பேசிய 'இன்று ஒரு தகவல்' பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒலித்தது. நூலாகவும் பல தொகுதிகள் வந்தன. 2002ல் ஓய்வு பெற்ற பிறகு சன் தொலைக்காட்சியில் 'இந்த நாள் இனிய நாள்' என்று தொடர்ந்தார். 2009 செப்டம்பர் 16 அன்று மறைந்தார்.

இந்த வரலாற்றில் நம் தொழிலுக்கு முக்கியமானது உழவர் நிகழ்ச்சி என்பதே என் கருத்து. வயல்காரருக்குப் பேசுபவர் 'ஏக்கருக்கு இவ்வளவு மருந்து' என்று சொன்னால் அந்த அளவு சரியாக இருக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் பயிர் போகும். மறுநாள் நிலையத்துக்குக் கடிதம் வரும். கேட்பவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்பதில்லை. மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டே கேட்கிறார், பாதி வாக்கியம் காற்றில் போய்விடும். அதனால் வாக்கியம் குட்டையாக இருக்க வேண்டும், முக்கியமானதை வேறு சொல்லில் இன்னொரு தரம் சொல்ல வேண்டும், திருப்பிச் சொல்கிறார் என்று தெரியவும் கூடாது. இந்தப் பழக்கங்கள் எல்லாம் 'இன்று ஒரு தகவ'லில் அப்படியே இருக்கின்றன. நெல்லுக்கும் கத்தரிக்கும் பேசிப் பழகிய வாய், மனுஷனுடைய கோபத்துக்கும் தூக்கத்துக்கும் பேச வந்தது. தகவலைச் சரிபார்க்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தது.

கிடைக்கிற பதிவு ஒன்றை எடுத்து ஒரு தரம் சிரிக்காமல் கேட்டுப் பாருங்கள். விளிப்பு நீளாது, நேரே விஷயம். ஓர் அறிஞர் சொன்னது, ஒரு பழைய கதை, உடம்பைப் பற்றிய ஒரு செய்தி, இப்படி ஏதாவது ஒன்று. ஒன்றுதான், இரண்டு கிடையாது. குரல் ஏறாது, இறங்காது. "அப்படின்னாராம்", "ங்கிறார்" என்று பேச்சு நடையிலேயே போகும். விஷயம் மனதில் உட்கார்ந்ததும், அதை நடைமுறையில் செய்து பார்த்த யாரோ ஒரு நண்பர் வருவார். அவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார். அங்கேதான் சிரிப்பு. சொன்னவர் சிரிக்க மாட்டார். பேச்சும் அங்கேயே முடிந்துவிடும்.

சிரிப்பு ஏன் கடைசியில் இருக்கிறது? மேடையில் ஜோக் சொன்னால் கூட்டம் சிரித்து அடங்கும்வரை பேச்சாளர் காத்திருக்கலாம். சோடா குடிக்கலாம், துண்டைச் சரிசெய்யலாம். வானொலியில் கூட்டம் கண்ணுக்குத் தெரியாது. எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று அறிய வழியில்லை. நடுவில் ஜோக் வைத்தால், வீட்டில் சிரிக்கிற சத்தத்தில் அடுத்த இரண்டு வாக்கியம் காணாமல் போகும். கடைசியில் வைத்தால் அறிவிப்பாளர் வாய் திறப்பதற்குள் கேட்பவர் சிரித்து முடித்துவிடலாம், தகவலும் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கும். இது ஒலிபரப்பு தெரிந்தவர் செய்த கணக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் நாற்பது நொடிக்கு ஒரு ஜோக் என்று வானொலி உரையை நிரப்புகிறவர்கள் மேடையைத் தூக்கி ஒலிவாங்கிக்குள் திணிக்கப் பார்க்கிறார்கள்.

மேடையின் இலக்கணம் வேறு, அதற்கும் நம் வேலூர்ப் பக்கத்திலேயே பெரிய ஆசான் இருந்தார். காட்பாடிக்குப் பக்கத்தில் காங்கேயநல்லூரில் 1906ல் பிறந்த திருமுருக கிருபானந்த வாரியார் முன்வரிசையில் குழந்தைகளை உட்கார வைத்துக்கொள்வார். பேச்சுக்கு நடுவே அவர்களைக் கேள்வி கேட்பார். பதில் சொன்ன பிள்ளைக்குப் பரிசு கொடுப்பார். குழந்தை சொல்லும் பதிலில் சபை சிரிக்கும்; அந்தச் சிரிப்போடு புராணம் அடுத்த கட்டத்துக்கு நகரும். முகத்தைப் பார்த்துப் பேசிய கலை அது. வாரியாரின் சிரிப்புக்கு அடியில் கந்தபுராணமும் திருப்புகழும் இருந்தன, தென்கச்சியாரின் சிரிப்புக்கு அடியில் ஒரு தகவல் இருந்தது. இருவரும் வெறுங்கையோடு சிரிப்பு மூட்ட வந்தவர்கள் அல்லர்.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். பிபிசி வானொலி 4ல் 2006 முதல் ஒரு நகைச்சுவைத் தொடர் வருகிறது. தமிழில் 'நம்பமுடியாத உண்மை' என்று சொல்லலாம். ஜான் நைஸ்மித், கிரேம் கார்டன் இருவரும் உருவாக்கியது, டேவிட் மிட்செல் நடத்துவது. பங்கேற்பவர் ஒவ்வொருவரும் ஒரு தலைப்பில் குட்டிச் சொற்பொழிவு ஆற்ற வேண்டும். அத்தனையும் புளுகாக இருக்க வேண்டும், ஐந்தே ஐந்து உண்மையைத் தவிர. அந்த ஐந்தையும் மற்றவர்கள் கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். யார் கண்ணிலும் படாமல் உண்மையைக் கடத்தியவருக்கு மதிப்பெண். புளுகைக் கேட்டுச் சிரிக்கிறோம் என்று தோன்றும். நிகழ்ச்சி இத்தனை ஆண்டு நிற்பது அந்த ஐந்து உண்மைகளால்தான். அந்த ஐந்தில் ஒன்று தப்பானால் ஆட்டமே கலைந்துவிடும். லண்டனில் புளுகுக்குள் உண்மையை ஒளிக்கிறார்கள். சென்னையில் தென்கச்சியார் உண்மையை முன்னால் வைத்துச் சிரிப்பைப் பின்னால் வைத்தார். இரண்டு ஊரிலும் உண்மையைத் தேடி எடுக்கும் வேலை ஒன்றுதான்.

இனி நம் பகுதிக்கு வருவோம். காவேரிப்பாக்கத்துக்குச் சென்னை ஏ நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை எந்தச் சிரமமும் இல்லாமல் எட்டும். ஏரி நிரம்பிய வருஷத்தில் வரப்பில் ஒரு டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் வாலாஜா, ராணிப்பேட்டை என்று போகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இன்னொரு வகை வேலையும் உண்டு. ஷூவின் மேல்பாகத்தை, அவர்கள் மொழியில் 'அப்பர்', மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஊசியால் கையாலேயே தைக்க வேண்டும், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. நூலை இழுத்து இழுத்து விரலில் வெட்டு விழுந்திருக்கும். கண் தையலில் இருக்கும், கை ஊசியில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். வானொலிப் பேச்சுக்கு இவர்களைவிடப் பொருத்தமான கேட்பவர் யாரும் இல்லை. காலைப் பேச்சுக்காரர் ஒருவர் இவர்களிடம் எதைச் சொல்கிறார் என்பது சின்ன விஷயமல்ல.

நாம் என்ன கொடுக்கிறோம்? வாட்ஸ்அப்பில் வந்த ஜோக். மனைவி பூரிக்கட்டையால் அடித்த ஜோக், மாமியார் ஜோக், கறுப்பாக இருப்பவரைப் பற்றிய ஜோக், திக்குவாய் ஜோக். ஒரே ஜோக் ஒரே வாரத்தில் மூன்று மேடையில், இரண்டு பண்பலையில் வருகிறது. பெயரை மட்டும் மாற்றுகிறோம். இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் உருதுவோடு கலந்து பேசும் தமிழை, எல்லையோரத் தெலுங்கு வாடை அடிக்கும் தமிழை, அப்படியே பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்குகிறோம். இலங்கை வானொலியில் எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரைக் கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியும். இஸ்லாமியத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் சிங்களம் கலந்த தமிழும் அதில் பேசின. ராமதாஸ் மரிக்கார் ஆனார், ராஜகோபால் அப்புக்குட்டி ஆனார், செல்வசேகரன் உபாலி ஆனார். பாத்திரத்தின் பெயரே அவர்களுடைய அடைமொழியாக நிலைத்துவிட்டது. 1976ல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. அங்கே அந்தப் பேச்சு ஒரு மனிதருடையது, அவருக்கென்று ஒரு புத்தியும் ஒரு பிடிவாதமும் இருந்தன. நாம் பேசிக்காட்டும்போது மனிதரே இல்லை, உச்சரிப்பு மட்டும் இருக்கிறது. அதைக் கேட்டு அந்த ஊர்க்காரர் மனம் சுருங்குவது நம் காதுக்கு எட்டுவதில்லை.

குறை சொல்லிவிட்டு நிறுத்துவது நியாயமில்லை. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல் போகும். ஐந்து நிமிடத்துக்கு ஐந்நூறு சொல். அதில் ஒரு தகவலுக்குத்தான் இடம். பாலாற்றை எடுத்துக்கொள்வோம். "நீர் மேலாண்மையில் நம் முன்னோர்" என்று தொடங்கினால் திண்ணையில் இருக்கும் பெண் அடுத்த நிலையத்துக்குத் திருப்பிவிடுவாள். இப்படிப் பேசிப் பாருங்கள்:

"பாலாத்துப் பாலத்துல பஸ் போய்க்கிட்டிருக்கு. வெளியூர் நண்பர் ஒருத்தர் ஜன்னல் வழியா பாத்துட்டு, 'ஏங்க, இங்க ஆறு எங்கே?'ன்னார். ஆறு கீழே இருக்குங்க, மணலுக்கு அடியில. பாலாத்துல தண்ணி வருஷத்துல பெரும்பாலான நாள் கண்ணுக்குத் தெரியாது. மணலைக் கொஞ்சம் தோண்டினா ஊறி வரும். அதைப் புரிஞ்சுகிட்ட நம்ம பெரியவங்க ஆத்து மணல்லயே நீளமா ஊத்துக்கால் வெட்டி, ஊறுற தண்ணியை வயலுக்கும் ஏரிக்கும் கொண்டுபோனாங்க. மணல் இருந்தாத்தான் தண்ணி. மணலை லாரியில ஏத்திட்டா ஆத்தையே ஏத்தின மாதிரி. இதையெல்லாம் நண்பர்கிட்ட பொறுமையா சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரலை. 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்துச்சு பாருங்க, அப்ப ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து போன் பண்ணினார். 'ஆறு இருக்குங்க, ஒத்துக்கிறேன். தரைப்பாலம் எங்கே?'"

இதில் ஜோக் மட்டும் தனியாக எடுத்தால் ஒன்றுமே இல்லை. மணலுக்கு அடியில் தண்ணீர் என்கிற தகவல் இருப்பதால்தான் கடைசி வரி நிற்கிறது. சிரித்தவர் மறுநாள் பாலத்தைக் கடக்கும்போது கீழே பார்ப்பார்.

நம்மைச் சுற்றி இப்படித் தகவல் இறைந்து கிடக்கிறது. பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரி, பாலாற்று அணைக்கட்டிலிருந்து அதற்கு வரும் கால்வாய், பச்சைத்தோல் டேனரிக்குள் போய் நீலமாக வெளிவருவது, அந்த நீலத்துக்குக் காரணமான குரோமியம். தோல் கழிவைப் பற்றிப் பேச நகைச்சுவையாளர்கள் தயங்குகிறார்கள். கிணறு கெட்டுப்போனவரைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்த செய்தி இன்றும் நம் ஊரில் பலருக்குத் தெரியாது. அதைத் தெரியப்படுத்தும் ஐந்து நிமிடப் பேச்சில், கெட்ட தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சாதிக்கிறவரைப் பார்த்துச் சிரிக்கலாம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் தெளிவு இருந்தால் எந்தத் தலைப்பும் நமக்குத் தடையில்லை.

பேசத் தகவல் இருப்பதுபோலவே பேச இடமும் இருக்கிறது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் தொடங்கியபோது சமுதாய வானொலி என்பதே நாட்டுக்குப் புதிது. 2006க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. இன்று கைப்பேசி இருக்கும் எவரும் தன் குரலைப் பதிவுசெய்து உலகத்துக்கு அனுப்பலாம். இடம் இல்லை, வாய்ப்பு இல்லை என்று சொல்லும் காலம் போய்விட்டது. எழுதிவைத்துப் பேசுகிறவர்கள்தாம் குறைந்துவிட்டார்கள். தென்கச்சியாரின் பேச்சுகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. பலவற்றில் என்றைக்கு ஒலிபரப்பானது என்ற குறிப்பு இல்லை. வாரியாரின் கேசட்டுகள் பல வீட்டுப் பரண்களில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் நாடாவில் பதிந்த வானொலிப் பேச்சு ஏதாவது இருந்தால் முதல் வேலையாக அதைக் கணினிக்கு மாற்றி, நிலையம், நாள், பேசியவர் பெயர் மூன்றையும் எழுதிவையுங்கள்.

அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒரு வானொலி உரையை முழுதாக வெளியிட இருக்கிறோம். ஐந்நூறு சொல்லுக்குள் எழுதுங்கள். ஒரே ஒரு தகவல் போதும். அது எங்கிருந்து கிடைத்தது, யாரிடம் கேட்டுச் சரிபார்த்தீர்கள் என்பதைத் தனித்தாளில் எழுதி இணையுங்கள். அந்தத் தாள் இல்லாத உரை எவ்வளவு சிரிப்பு மூட்டினாலும் வெளியிட மாட்டோம்.