வென்ற எஞ்சினுக்கும் விலை உண்டு: விரி-ஷத்தியோன் மூடப்பட்ட கதை

2025 டிசெம்பர் 7ஆம் திகதி இரவு அபுதாபியில் நடந்த போர்முலா வன் போட்டியை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பியன் நொறிஸா, வெர்ஸ்டப்பனா, பியாஸ்ட்ரியா என்பதில்தான் எல்லோருடைய கண்ணும் இருந்தது. அதே ஓட்டத்தில், புள்ளிப் பட்டியலில் கடைசி இடத்தில் இருந்த அல்பின் அணியின் இரண்டு கார்களில் ரெனோல்ட் எஞ்சின் கடைசித் தடவையாக ஓடியது. ஊடகக் கற்கை படித்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு பழக்கம், கமெரா திரும்பாத பக்கத்தைத் தேடுவது. அன்றைக்கு அந்தப் பக்கம் பாரிஸுக்குத் தெற்கே உள்ள விரி-ஷத்தியோன் என்ற சிறு நகரில் இருந்தது.

ரெனோல்டின் பந்தய எஞ்சின்கள் பிறந்த இடம் அது. 1977இல் முதலாவது டர்போ எஞ்சினுடன் அவர்கள் களமிறங்கியபோது, அது அடிக்கடி புகை கக்கி நின்றதால் ஆங்கிலேயர்கள் அதை 'மஞ்சள் தேநீர்க் கேத்தல்' என்று கேலி செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து டிஜோனில் அந்தக் கேத்தல் வென்றது. கொஞ்சக் காலத்தில் மற்றவர்களும் டர்போவுக்கு மாறினார்கள். வில்லியம்ஸ், பெனெட்டன், ரெனோல்ட், ரெட் புல் என நான்கு அணிகள் ரெனோல்ட் எஞ்சினோடு 12 தடவை கட்டமைப்பாளர் சம்பியன் பட்டம் பெற்றன.

2014இல் ஹைபிரிட் எஞ்சின் வந்த பிறகு நிலைமை மாறியது. மெர்சிடிஸ் முந்தியது, விரி பின்தங்கியது. 2022 முதல் எஞ்சின் வடிவமைப்பு முடக்கப்பட்டதால், அந்தக் குறையைச் சரிசெய்யும் வழியும் அடைபட்டது. மீண்டெழ இருந்த ஒரே வாசல் 2026இன் புதிய விதிகள்தான். மின்மோட்டாரின் வலு 120 கிலோவொட்டிலிருந்து 350 ஆக உயர, மொத்த வலுவில் ஏறக்குறைய பாதி மின்சாரத்திலிருந்து வரவேண்டும். எல்லோரும் புதிதாகத் தொடங்கும் சந்தர்ப்பம். இதற்காகவே அவுடி வந்தது, போர்ட் திரும்பி வந்தது. அந்த வாசலுக்கு முன்னால் வைத்துத்தான் ரெனோல்ட் கதவை மூடியது.

2024 ஓகஸ்ட் இறுதியில் விரி ஊழியர்கள் மொன்சா பார்வையாளர் அரங்கில் நின்று அமைதியாக எதிர்ப்பைக் காட்டினார்கள். 2026 எஞ்சின் ஏற்கனவே சோதனை மேடையில் ஓடுகிறது என்று அவர்களுடைய பிரதிநிதிகள் சொன்னார்கள். செப்டெம்பர் 30ஆம் திகதி முடிவு வெளியானது. 2025 முடிவோடு எஞ்சின் தயாரிப்பு நிறுத்தப்படும், அந்த இடம் வேறு பொறியியல் நிலையமாக மாறும், ஒவ்வொருவருக்கும் வேலை வழங்கப்படும் என்றார்கள். வேலை இருக்கிறது, சரி. ஆனால் இருபது வருடம் எரிதல் அறையின் வடிவத்தைச் செதுக்கிய ஒருவருக்கு இன்னொரு மேசையைக் கொடுப்பது அதே வேலையைக் கொடுப்பதாகுமா?

நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 2024இலும் 2025இலும் கட்டமைப்பாளர் பட்டம் வென்ற மக்லாறன், மெர்சிடிஸிடம் எஞ்சின் வாங்கி ஓடிய அணி. சொந்த எஞ்சின் இல்லாமல் வெல்லமுடியாது என்ற பழைய வாதம் அதோடு உடைந்துவிட்டது. ஆனாலும் வாங்குவதில் ஒரு தொழில்நுட்பக் கட்டு இருக்கிறது. அல்பின் எஞ்சினோடு கியர்பொக்ஸையும் சேர்த்தே மெர்சிடிஸிடம் வாங்குகிறது. பின்பக்கச் சஸ்பென்ஷன் பொருந்துவது அந்தக் கியர்பொக்ஸ் கூட்டில்தான். ரேடியேட்டரின் அளவை எஞ்சினின் வெப்பம் தீர்மானிக்கிறது. அதாவது இங்கிலாந்தின் என்ஸ்டோனில் காரை வரைபவர்களின் பென்சில், இன்னொருவர் போட்ட கோட்டிலிருந்துதான் தொடங்கும். வாங்கிய எஞ்சினோடு மக்லாறன் வென்றது உண்மை. அதற்கு அவர்களிடம் அதிசிறந்த காற்றியக்கக் குழுவொன்று தேவைப்பட்டது.

என் பார்வையில் இந்த முடிவின் வேர் தொழில்நுட்பத்தில் இல்லை. 2023இல் அல்பின் அணியின் 24 வீதப் பங்கை ரெனோல்ட் 200 மில்லியன் யூரோவுக்கு முதலீட்டாளர் குழுவொன்றுக்கு விற்றது. செலவு உச்சவரம்பு வந்த பிறகு, அணியொன்றை வைத்திருப்பதே பெறுமதி ஏறும் சொத்தாகிவிட்டது. பந்தயத்தில் தோற்றாலும் அணியின் விலை ஏறும். எஞ்சின் தொழிற்சாலை அப்படியல்ல. அது வருடாவருடம் பணத்தைத் தின்னும், வென்றால்தான் பேசப்படும். கணக்குப் பார்ப்பவருக்கு எதை வெட்டுவது என்பதில் குழப்பம் வராது.

அந்த இரவு நொறிஸ் மூன்றாவதாக வந்து சம்பியனானார். விரி-ஷத்தியோனிலிருந்து ஒரு காட்சியாவது வருமா என்று தொலைக்காட்சிக்கு முன்னால் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். நான் பார்த்தவரை வரவில்லை.