நோயாளி இருக்கும் வீட்டில் ஒரு பூனை



"வருத்தக்காரன் கிடக்கிற வீட்டில பூனை என்னத்துக்கு? சாக்கில போட்டு மீன் சந்தைப் பக்கம் விட்டுட்டு வாங்க." நோய் விசாரிக்க வருகின்றவர்கள் சொல்லும் முதலாவது புத்திமதி அநேகமாக இதுதான். இரவில் யார் விழித்திருப்பது, பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்பவர்கள் குறைவு. பூனை மட்டும் கண்ணில் பட்டுவிடும்.

மாவடிப்பள்ளியில் நான் போய்வரும் ஒரு வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தது. பெயர் வேண்டாம். கணவர் வயல் வேலை செய்தவர், இன்னும் ஐம்பது வயதாகவில்லை. பிரசரும் சீனி வருத்தமும் இருந்தன. குளிசைகளை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. ஒருநாள் சுபஹுக்கு வுழூச் செய்யப் போனவர் வாய் கோணி, வலது கையும் காலும் இழுத்து, கிணற்றடியில் விழுந்துவிட்டார். பாரிசவாதம். (இடையில் ஒரு வார்த்தை: வாய் கோணினால், ஒரு கையைத் தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்துகின்றவர்களுக்கு நான்கரை மணித்தியாலத்துக்குள் போட்டாக வேண்டும்.)

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் மனைவியின் பாடு தொடங்கியது. தூக்கி இருத்துவது, குளிப்பாட்டுவது, மலசலம் எடுப்பது, இரவில் இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது. இவற்றோடு பகலில் தையல் வேலை. அந்த வீட்டுப் பூனையின் பெயரும் சீனி. "ஒரு வீட்டில ரெண்டு சீனி" என்று முன்பு அயலவர்கள் பகிடி பண்ணுவார்களாம். அவர் வயலால் வந்ததும் வாசலிலேயே காலைச் சுற்றும் பூனை, இப்போது கட்டிலடியை விட்டு அசையவில்லை.

அவருக்குப் பேச்சு வரவில்லை. எதற்கெடுத்தாலும் கோபம், சில நேரம் காரணமில்லாத அழுகை. சோற்றுக் கோப்பையைத் தட்டிவிடுவார். ஆனால் பூனை வந்தால் முகம் மலரும். ஒருநாள் மனைவி என்னிடம், "நான்தான் பீ மூத்திரம் அள்ளுறன். எனக்கு ஏச்சு, பூனைக்குச் சிரிப்பு. நானே கொண்டுபோய் விட்டுட்டு வரட்டா தங்கச்சி?" என்று கேட்டு அழுதார்.

இதைச் சின்னப்புத்தி என்று யாரும் சொல்லக்கூடாது. தன்னை வருத்தி உழைக்கிறவளுக்கு ஒரு முகமலர்ச்சிகூடக் கிடைக்காவிட்டால் வலிக்கத்தான் செய்யும். மூளையில் ஏற்பட்ட பாதிப்பே கோபத்தையும் அழுகையையும் கொண்டுவரும். மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும். கிளினிக்கில் இதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அதற்கும் சிகிச்சை உண்டு. இன்னொன்றையும் அந்த வீட்டில் கவனித்தேன். எல்லோரும் அவருடன் நோயாளியோடு பேசுவது போலவே பேசினார்கள். "வாயைத் திறங்க, காலை நீட்டுங்க." பூனைக்கு மட்டும் அவர் நோயாளி என்று தெரியாது. அது முன்பு போலவே அவரிடம் மீன் கேட்டது.

பிசியோதெரபியில் கையில் வைத்து அமுக்க ஒரு பந்து கொடுத்திருந்தார்கள். அவர் அதை எறிந்துவிடுவார். ஒருநாள் மனைவி அவித்த சூடை மீனும் ஒரு பிடி சோறும் போட்ட கோப்பையை அவர் மடியில் வைத்து, "உங்கட சீனிக்கு நீங்களே குடுங்க, எனக்கு வேலையிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதலில் இடது கையால் கொடுத்தார். சில நாட்களில் கோப்பையை வலது பக்கம் தள்ளி வைத்தார் மனைவி. முள்ளை எடுத்து, மீனை உதிர்த்து, சோற்றோடு பிசைவது விரல்களுக்கு நல்ல பயிற்சி. அந்த அரை மணித்தியாலம் மனைவிக்குச் சொந்தம். சில நாள் தைப்பார், அநேகமான நாட்களில் நித்திரை கொள்வார்.

பூனைதான் அவரைக் குணப்படுத்தியது என்று நான் சொல்லவில்லை. 1980இல் அமெரிக்காவில் எரிக்கா ஃபிரீட்மன் என்பவரும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இருதய நோயால் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய 92 பேரில், வீட்டில் பிராணி வளர்த்த 53 பேரில் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 3 பேர். வளர்க்காத 39 பேரில் 11 பேர். ஆனால் 1995இல் 369 பேரை வைத்துச் செய்த ஆய்வில் நாய் வளர்த்தவர்களுக்கே அந்தப் பலன் தெரிந்தது, பூனைக்குத் தெரியவில்லை. ஆகவே குளிசைக்குப் பதில் பூனை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மனிதருக்குக் கிடைத்தது வேறு. அவரை நம்பியிருக்கும் உயிர் ஒன்று அந்த வீட்டில் இருந்தது.

மாமி மட்டும் விடவில்லை. பூனை அசுத்தம், வீட்டில் தொழ முடியாது என்றார். அபூகதாதா (ரலி) அவர்களுக்கு வுழூச் செய்யத் தண்ணீர் வைத்தவர் அவரது மருமகள் கப்ஷா. பூனை குடிக்க வந்தபோது மாமனார் பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்தார். மருமகள் வியந்து பார்க்க, பூனை நஜிஸ் அல்ல, நம்மைச் சுற்றி வரும் உயிர்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னார். இதை மாமியிடம் சொன்னது நானல்ல, மருமகள்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. பூனை இருப்பதா போவதா என்ற முடிவும் அவருடையதே.

ஆனால் கவனம் வேண்டும். ஊன்றுகோலோடு நடக்கப் பழகும்போது பூனை காலுக்குள் புகுந்தால் விழுந்துவிடுவார். அந்த நேரம் அதை அறையில் அடைத்து வையுங்கள். சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கலாம், பூனை பிறாண்டினால் தெரியாது. இரவில் பாதத்தைப் பார்த்து மூடிவிடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீர்வெறுப்புத் தடுப்பூசி அங்கே இலவசம். காரைதீவுப் பக்கம் நாய் வளர்க்கும் சகோதரிகள் வருடாந்தத் தடுப்பூசியைத் தவறவிடக்கூடாது. கர்ப்பிணிகள் பூனையின் மலத்தை அள்ள வேண்டாம்.

இப்போது அவர் கோலூன்றி வாசல் வரை நடக்கிறார், மீன்காரரின் சத்தம் கேட்டால் முதலில் எழும்புகிறார். வலது கை முழுதாகத் திரும்பவில்லை. கோபமும் இன்னும் வருகிறது. மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

1990இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியபோது, அந்தச் சகோதரியின் உம்மா ஆடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தவர். அந்த ஆடுகள் என்னவாயின என்று மௌத்தாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தாராம். 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தோடு மத்ரஸாப் பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்ட பிறகு, மாரி தொடங்கினாலே அந்த வீட்டில் ஒரு பை தயாராகிவிடும். கிளினிக் கொப்பி, ஒரு மாதக் குளிசை, அடையாள அட்டைகள். பக்கத்தில் மூடியுள்ள ஒரு பன்கூடை, சீனிக்கு.