வீட்டுக்குள் ஒரு புரொக்ஸி



“பழைய கொம்பியூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் லினக்ஸ் போட்டு புரொக்ஸி சேர்வராக்கினால், பிள்ளைகள் ராத்திரியில் இன்டர்நெட் பார்ப்பதைத் தடுக்கலாம் என்று தம்பி சொல்கிறான். உண்மையா?” என ஒரு சகோதரி கேட்டு எழுதியிருக்கிறார். தம்பி சொன்னது அரைவாசி உண்மை.

புரொக்ஸி என்றால் பதிலாள். வீட்டில் ஆளுக்கொரு பக்கம் கடைக்கு ஓடாமல், துண்டில் எழுதிக் கொடுத்து ஒருவரை அனுப்புகிறோம் அல்லவா? கடைக்காரர் காண்பது போன ஆளை மட்டும்தான். துண்டு எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் போனவருக்கோ யார், எதை, எத்தனை மணிக்குக் கேட்டார் என்பதெல்லாம் தெரியும். நாம் ‘இந்தக் கடைக்குப் போகாதே’ என்றால் அவர் போகவும் மாட்டார்.

லினக்ஸில் இந்த வேலைக்குப் பெயர்போன மென்பொருள் ஸ்குவிட். பெயரின் பொருள் நமது கணவாய்தான்! 1996 முதல் வழக்கில் இருக்கிறது, இலவசம். உபுண்டு, டெபியன் போன்றவற்றில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். அது காத்திருக்கும் வாசல் இலக்கம் 3128. கைபேசியில் வைஃபை செட்டிங்கிற்குள் புரொக்ஸி என்ற இடத்தில் அந்தக் கொம்பியூட்டரின் ஐபி முகவரியையும் இந்த இலக்கத்தையும் கொடுக்க வேண்டும்.

சிக்கல் வருவது விதிகளை எழுதும்போதுதான். ஸ்குவிட் தன் விதிக் கோப்பை மேலிருந்து கீழாக வாசிக்கும். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதோடு முடிவெடுத்துவிடும். கீழே என்ன இருக்கிறதென்று பார்க்காது. ‘வீட்டார் எல்லாருக்கும் அனுமதி’ என்ற வரி மேலேயும் ‘ராத்திரியில் தடை’ என்ற வரி கீழேயும் இருந்தால், தடை வெறும் அலங்காரம்தான். ஆகவே தடைகள் முதலில், அனுமதி பிறகு, கடைசியில் மற்ற எவருக்கும் இல்லை என்ற வரி. அந்தக் கடைசி வரியை மாத்திரம் யார் சொன்னாலும் அழிக்க வேண்டாம்.

நேரக் கணக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. இரவு 10 முதல் சுபஹ் வரை என்று ஒரே வரியில் எழுத முடியாது. நள்ளிரவைத் தாண்டும் கணக்கை ஸ்குவிட் ஏற்காது. 22:00 முதல் 23:59 வரை ஒரு வரி, 00:00 முதல் 05:00 வரை இன்னொரு வரி என்று பிரித்து எழுத வேண்டும். அப்படி எழுதினாலும், 10 மணிக்கு முன்பே திறந்துவிட்ட இணைப்பு அறுந்துபோகாது. புதிதாகக் கேட்பதைத்தான் அது மறிக்கும். பாதிப் படத்தில் இருக்கும் மகன் மிச்சத்தையும் பார்த்து முடிக்கக்கூடும்.

இனி மற்ற அரைவாசி. இன்று அநேகமான இணையத்தளங்கள் எச்டிடிபிஎஸ் முறையில், அதாவது முத்திரையிட்ட பொதியாகவே வருகின்றன. நமது பதிலாளுக்குக் கடையின் பெயர் தெரியும், பொதிக்குள் இருப்பது தெரியாது. யூடியூப்பை முழுமையாக மூடலாமே தவிர, அதில் ஒரு வீடியோவை மட்டும் மறிக்க முடியாது. மகள் கைபேசியில் டேட்டாவைப் போட்டுக்கொண்டாலோ, செட்டிங்கிலிருந்து புரொக்ஸியை எடுத்துவிட்டாலோ பதிலாளுக்கு வேலையே இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது இரண்டு நிமிட வேலை.

எல்லாம் பதிவாகும் ஏடு ஒன்றும் உண்டு. யார் எந்தத் தளத்துக்குப் போனார் என்று வரிவரியாக அதில் இருக்கும். பிள்ளைகளிடம் சொல்லாமல் அதை வாசிப்பதை நான் விரும்பவில்லை. உம்மா ஒளிந்திருந்து பார்க்கிறா என்று ஒருநாள் தெரியவந்தால், பிறகு கேட்கும் எதற்கும் நேரான பதில் வராது. அந்த ஏட்டில் கணவர் போன தளங்களும் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்!

வீட்டுக்கு வெளியே இருக்கும் இலவச புரொக்ஸிதான் எனக்கு அதிகம் பயம். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் நம் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது பலர் கிடைத்த இலவச புரொக்ஸியையும் வீபீஎன்னையும் போட்டுக்கொண்டார்கள். சந்தியில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம் துண்டைக் கொடுப்பது போன்றது அது. நீங்கள் போகுமிடமெல்லாம் அவருக்குத் தெரியும். ‘இந்தச் சான்றிதழையும் நிறுவுங்கள்’ என்று அவர் கேட்டு நாமும் நிறுவிவிட்டால், முத்திரையிட்ட பொதியையும் பிரித்துப் பார்ப்பார். வங்கிக் கடவுச்சொல்லும் அதற்குள்தான் இருக்கும். பிள்ளைகளின் கைபேசியில் அப்படி ஏதும் மிச்சமிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு கணக்கு. பழைய கொம்பியூட்டர் 60 வாட் இழுத்தால், இரவு பகலாக ஓட மாதத்துக்கு ஏறக்குறைய 43 யுனிட். கரண்ட் பில்லில் அது அடுத்த படிக்கே ஏற்றிவிடலாம். 5 வாட் அளவில் ஓடும் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கைக் கொம்பியூட்டரிலும் ஸ்குவிட் இயங்கும். அதற்கு 4 யுனிட் கூடப் போகாது. ஆனால் உங்களுக்கு வேண்டியது ராத்திரி நேரத் தடை மட்டும் என்றால், பல ரூட்டர்களிலேயே நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. தம்பியிடம் முதலில் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.