கூரைக்குள் ஒரு பச்சைக் கல்

அம்பலாந்தோட்டைக்கு அருகே கடலோரமாக உஸ்ஸங்கொட என்றோர் இடம் உண்டு. 2010இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண் வெளி. பெரிய மரங்கள் இல்லை, பூண்டுகள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. இராவணனின் விமானம் இறங்கியதால் மண் அப்படியாகிவிட்டது என்று கதை சொல்வார்கள். உண்மையான காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. சேர்ப்பன்டைன் எனும் பச்சைக் கனியம் நிறைந்த பாறை அது. அதிலிருந்து உண்டான மண்ணில் நிக்கல் அதிகம், செடிக்கு வேண்டிய கல்சியம் குறைவு. நாம் மருந்துக்குத் தேடுகின்ற ஓரிதழ்த் தாமரை அந்த நிக்கலைத் தன் உடலிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு அங்கே பிழைத்துக் கிடக்கிறது.

பெண்களுக்கான பகுதியில் கல்லைப் பற்றி என்ன கதை என்று நீங்கள் கேட்கலாம். இதே கனியத்தின் ஒரு வகையின் கீழ்தான் நம்மில் பலர் சமைக்கிறோம், பிள்ளைகளை நித்திரையாக்குகிறோம். அஸ்பெஸ்டஸ் சீற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருக்கும் கல்நார், கிரைசொடைல் எனப்படும் சேர்ப்பன்டைன் வகையே ஆகும். மிகுதி பெரும்பாலும் சீமெந்து. அந்த நார் உஸ்ஸங்கொடையிலிருந்து வருவதல்ல. வெளிநாட்டிலிருந்து, பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து, கப்பலில் வருகிறது.

இது உருவாகும் விதம் அதிசயமானது. பூமியின் ஆழத்தில் ஒலிவைன் என்ற கனியம் நிறைந்த பாறைகள் உள்ளன. கடலடியில் நிலம் வெடித்து விலகும் இடங்களிலும், நிலத்தட்டுகள் மோதும் இடங்களிலும் அந்தப் பாறைக்குள் நீர் இறங்குகிறது. இருநூறு, முந்நூறு பாகை வெப்பத்தில் நீரும் ஒலிவைனும் தாக்கமுற்றுப் புதிய கனியம் பிறக்கிறது. அதன் நிறையில் எட்டில் ஒரு பங்களவு நீர்தான். கல்லுக்குள் நீர் கட்டுண்டு கிடக்கிறது! நீரை உள்வாங்கிய பாறை வீங்கி வெடிக்க, அந்த வெடிப்பால் மேலும் நீர் இறங்குகிறது. பழைய பாறையிலிருந்த இரும்பில் ஒரு பகுதி காந்தக்கல்லாக மாற, ஐதரசன் வாயு வெளியேறுகிறது. எஞ்சிய இரும்பு கல்லுக்குப் பச்சை நிறத்தைக் கொடுக்கிறது. பாம்பின் தோல்போல வரியும் புள்ளியுமாகத் தெரிவதால்தான் பாம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் இதற்குப் பெயரிட்டார்கள்.

இனித்தான் முக்கியமான விடயம். இந்தக் கனியம் தாள் தாளாக அடுக்கப்பட்டது. ஒவ்வொரு தாளும் இரண்டு படைகள் ஒட்டியது: ஒன்று சிலிக்கனும் ஒட்சிசனும் கொண்டது, மற்றது மகனீசியம் கொண்டது. இரண்டும் ஒரே அளவில்லை. சிலிக்கன் படை சற்றுச் சிறியது. தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உள்துணி சுருங்கிப்போன சட்டைக் கழுத்து கழுவியதும் உட்பக்கமாகச் சுருளும் அல்லவா, அதேதான். சில வகைகளில் தாள் எப்படியோ தட்டையாக இருந்துகொள்கிறது, சிலவற்றில் அலை அலையாக மடிகிறது. கிரைசொடைலில் பாய்போலச் சுருண்டு குழாயாகிவிடுகிறது. தனிக் குழாய் ஒன்று தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாறை வெடிப்புகளில் இவை கற்றை கற்றையாக வளர்கின்றன. வெட்டியெடுத்துப் பிரித்தால் வெண்பட்டு நூல் மாதிரி வரும். நெருப்பில் எரியாது, நூற்கலாம், நெய்யலாம். மனிதர் விடுவார்களா?

இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் கல்நார் நூற்கும் ஆலையில் வேலை செய்தவர் நெல்லி கெர்ஷோ. சிறுமியாக இருக்கும்போதே ஆலை வேலைக்குப் போனவர். 1924இல் 33 வயதில் மூச்சுவிட இயலாமல் இறந்தார். அவரது சுவாசப்பையைப் பரிசோதித்த வைத்தியர் குக், கல்நார்த் தூசே காரணம் என அதே ஆண்டில் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். முதலாளிமார் நட்டஈடு கொடுக்கவில்லை. 1965இல் லண்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் நெஞ்சைத் தொடுவது. ஆலையையே மிதிக்காத பெண்கள் சிலருக்கும் சுவாசப்பையைச் சுற்றியுள்ள மென்சவ்வில் புற்றுநோய் கண்டிருந்தது. அவர்கள் செய்ததெல்லாம் கணவன்மாரின் வேலை உடுப்பைத் தோய்த்ததுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம், கிரைசொடைல் உட்பட எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் தருவன என்று வகைப்படுத்தியுள்ளது. சுவாசப்பை, குரல்வளை மட்டுமல்ல, சூலகமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நோய் தெரியவர இருபது, முப்பது, நாற்பது வருடங்கள்கூட எடுக்கலாம். "எங்கட அப்பா காலத்துச் சீற், ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லையே" என்று மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இவ்வளவு காலம் கழித்து வரும் நோயைக் கூரையோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பவர் யார்?

இலங்கை அரசு கல்நார் இறக்குமதியை 2018 முதல் கட்டுப்படுத்தி, 2024 அளவில் பாவனையை நிறுத்தத் திட்டமிட்டிருந்தது. 2017 டிசம்பரில் நமது தேயிலைப் பொதியொன்றில் வண்டு கண்டதாகக் கூறி ரஷ்யா தேயிலையை நிறுத்தியது. இலங்கை கல்நார்த் தடையைப் பின்போட்டது, ரஷ்யாவும் சில வாரங்களுக்குள் தேயிலையை மீண்டும் எடுத்தது. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்சம்பளத்தையும் அவளது வீட்டுக் கூரையையும் ஒரே தராசில் வைத்துப் பேரம் பேசியதாகவே எனக்குப் படுகிறது.

இதை வாசித்துவிட்டு யாரும் இன்றைக்கே கூரையைப் பிரிக்க வேண்டாம். பிரிப்பதுதான் ஆபத்து. உடையாத சீற்றில் நார் சீமெந்துக்குள் இறுகி நிற்கிறது, அதன் கீழ் இருப்பதால் பெரிய பயமில்லை. அறுக்கும்போதும், துளைபோடும்போதும், பாசியைக் கம்பித் தூரிகையால் உரஞ்சும்போதும்தான் நார் பறக்கும். மேசன் வந்தால் முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்து, கைவாளால் வெட்டச் சொல்லுங்கள். முகத்தில் கட்டும் துணி இந்த நாரைத் தடுக்காது. விழுந்த தூளைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டிவிடுங்கள். பிள்ளைகளை அந்த நேரம் அயல்வீட்டில் விடுங்கள். வேலை செய்தவரின் உடுப்பை உதறாமல், மற்ற உடுப்போடு கலக்காமல் நீரில் அமிழ்த்துங்கள்.

உடைந்த துண்டுகளைத்தான் நமது வளவுகளில் எல்லா இடமும் காண்கிறேன். பாத்திக்கு வரம்பு, கோழிக்கூட்டுக்கு மறைப்பு, பிள்ளைகள் எட்டுக்கோடு கீறும் கட்டி. அடுப்புக்குக் காற்றுமறைப்பாகவும் வைக்கிறார்கள், சூடேறினால் அது வெடித்துச் சிதறும். அவற்றை நனைத்து, தடித்த பொலித்தீன் பையில் இரட்டையாகக் கட்டி, எவரும் மிதிக்காத இடத்தில் வையுங்கள். பிறகு கிராம உத்தியோகத்தரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். நான்கைந்து வீட்டார் சேர்ந்து போய்க் கேட்டால் பதில் கெதியில் கிடைக்கும்.